ஓட்டியவர் சிங்கப்பூர் போய்விட்டார், கார் இங்கேதான் நிற்கிறது

கேள்வி: வக்கீல் ஐயா, எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா தவில் வாசிப்பவர், வயது 43. போன பங்குனியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாண வாசிப்பு முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது, வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் எதிரே வந்த கார், ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்துச் செடியை ஒதுக்குவதற்காக இந்தப் பக்கம் ஏறி வந்து மோதிவிட்டது. அப்பாவுக்கு வலது மணிக்கட்டும் இரண்டு விரலும் முறிந்துபோய், தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். இதுவரை 1,80,000 ரூபாய் ஆகிவிட்டது, அம்மா நகையெல்லாம் அடகில். காரை ஓட்டியவர் சிங்கப்பூர்க் குடிமகன். பூர்வீகம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான், பாடைக்கட்டி மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தவர். கார் அவருடைய மச்சானுடையது. முதல் நாள் 10,000 ரூபாய் போனில் அனுப்பி, வாட்ஸ்அப்பில் மன்னிப்பும் கேட்டார். பத்து நாளில் விமானம் ஏறிப் போய்விட்டார். ஸ்டேஷனில் புகாருக்கு ஒரு ரசீது கொடுத்ததோடு சரி. இப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, 50,000 வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் மச்சானே ஓட்டியதாகச் சொல்லிவிடுவோம், அப்போதுதான் இன்ஷூரன்ஸ் வரும் என்கிறார். அப்பாவின் லைசென்ஸும் முடிந்து எட்டு மாதம் ஆகிறது, கேஸ் போட்டால் உங்களுக்குத்தான் வம்பு என்றும் சொல்கிறார். வெளிநாட்டுக்காரர் மீது இங்கே இருந்துகொண்டு கேஸ் போட முடியுமா? அவரைப் பிடிக்க முடியுமா, பாஸ்போர்ட்டை முடக்க முடியுமா, அவர் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும்? அப்பாவுக்குக் கை முடியாததால் நான் எழுதுகிறேன்.

பதில்: அம்மா, முதலில் அந்தப் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அப்பா கட்டைவிரல் ரேகையும் வைக்க வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் பாதி சிங்கப்பூர்க்காரரைப் பற்றித்தான் இருக்கிறது. அவரைப் பிடிக்க முடியுமா, பாஸ்போர்ட்டை முடக்க முடியுமா, அவர் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்று. இப்படி வருகிற எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்கு நடக்கிற விதமே வேறு. உங்களுக்குப் பணம் தரப்போவது அந்தக் காரின் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது கார் மோதி வெளியாளுக்கு வரும் பாதிப்புக்காக எடுத்து வைத்தது. மனுவில் எதிர்மனுதாரர்களாக வருவது காரின் உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும். இரண்டு பேருமே இங்கே இருக்கிறார்கள். நம் பக்கத்து வழக்கத்தில் பெரும்பாலான மனுக்களில் ஓட்டுநரைச் சேர்ப்பதே கிடையாது. ஓட்டியவர் சிங்கப்பூரில் இருந்தாலும் சிதம்பரத்தில் இருந்தாலும் அந்த அளவில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. மச்சான் தன் காரை ஓட்டக் கொடுத்தார், அதை ஓட்டியவர் கவனக்குறைவாக ஓட்டினார், அதனால் உரிமையாளர் பொறுப்பு, உரிமையாளரின் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வழக்கு இவ்வளவுதான். ஆள் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது, இந்த வழக்குகளை விசாரிக்கிற மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு.

அவர் அங்கே டாலரில் சம்பாதிக்கிறாரே, கூடுதலாகக் கேட்கலாமா என்று உங்கள் சித்தப்பாவோ மாமாவோ யாராவது கட்டாயம் கேட்பார்கள். முடியாது. நஷ்டஈடு உங்கள் அப்பா இழந்ததை வைத்துத்தான் கணக்கிடப்படும், மோதியவரின் வசதியை வைத்து அல்ல.

பாஸ்போர்ட் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். அஜாக்கிரதையாக ஓட்டிக் கொடுங்காயம் ஏற்படுத்தியது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125(b) பிரிவுகளில் வரும், இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. இதற்காக ஒருவரை ஊருக்குப் போகவிடாமல் தடுத்து வைப்பது நடைமுறையில் நடக்காது. அந்தக் குற்ற வழக்கு தனியாக நடக்கட்டும், அவர் வந்து அபராதம் கட்டுகிறாரா இல்லையா என்பதற்கும் உங்கள் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்ற கண்டிப்பும் கிடையாது, நடந்திருக்க அதிக வாய்ப்பு எது என்று பார்த்தால் போதும்.

சரி, உடனே செய்ய வேண்டியதற்கு வருவோம். ஸ்டேஷனில் உங்களிடம் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி. அது எப்.ஐ.ஆர். அல்ல. எப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்க்க மாட்டார், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுகிற மகஜரும் மாதிரி வரைபடமும் வராது, இந்நேரம் அந்தக் காரின் முன்பக்கப் பம்பரைப் பட்டறையில் கொடுத்து மாற்றியிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அதனால் நாளைக்கே போய் எப்.ஐ.ஆர். கேளுங்கள். ஏன் இத்தனை நாள் தாமதம் என்று கேட்டால், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், புகார் அப்போதே கொடுத்தோம், ரசீது இதோ என்று சொல்லலாம், அது நியாயமான காரணம்தான். பதிய மறுத்தால் புகாரின் நகலைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்குத்தான் இருக்கிறது, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெரும்பாலும் எஸ்.பி. ஆபீசுக்குத் தபால் போனதுமே ஸ்டேஷனில் இருந்து போன் வந்துவிடும்.

எப்.ஐ.ஆர். எழுதும்போது ஒரு வார்த்தையில் கண்ணாக இருங்கள். தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதிவிடுவார்கள், நம் ஊரில் அது கை பழக்கம். தவில் கலைஞர் என்று எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் சொல்லப்போகிற கணக்கு முழுக்க இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் பதிவு செய்த விபத்துப் பதிவேட்டின் நகலையும், ஏ.ஆர். காப்பி என்பார்கள், வாங்கிப் பாருங்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பதற்றத்தில் யாராவது “வண்டியில் இருந்து விழுந்துட்டாரு” என்று சொல்லியிருந்தால் டாக்டர் அதைத்தான் எழுதியிருப்பார். காப்பீட்டு நிறுவனத்து வக்கீல் முதலில் கையில் எடுக்கிற காகிதம் அதுதான். கார் மோதியதாக எழுதியிருந்தால் நல்லது. இல்லையென்றால் யார் கூட்டிப்போனார், யார் சொன்னார் என்பதை இப்போதே குறித்து வைத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் போய்த் திருத்தச் சொல்லாதீர்கள், திருத்திய ஏ.ஆர். காப்பி திருத்தாததைவிட மோசம்.

அந்த வாட்ஸ்அப் மன்னிப்பும் 10,000 ரூபாய் அனுப்பிய விவரமும் உங்களிடம் இருக்கிற தங்கம். போனை மாற்றாதீர்கள், அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். படம் எடுத்துப் பிரிண்ட் போட்டால் மட்டும் சாட்சியம் ஆகாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் சேர்க்க வேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். உளுந்துச் செடி கிடந்த படம் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். செடியைப் பரப்பி, போகிற வருகிற வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் சாயங்காலமே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், மறுநாள் அங்கே ஒரு தடயமும் இருக்காது. ரோட்டில் பாதியை அடைத்துக் கிடந்தது, கார் வந்த பக்கத்தில் கிடந்தது, அதனால்தான் அது எதிர்ப்பக்கம் ஏறியது என்று காட்ட முடிந்தால், யார் மீது தப்பு என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் ஓட்டிப் பழகியவர், நம் ரோடு பழக்கம் இல்லை என்று சொல்லிப் பார்ப்பார்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தச் சாக்கு செல்லாது.

இப்போது ஊர்ப் பெரியவர் சொன்ன யோசனை. மச்சானே ஓட்டினார் என்று மாற்றிச் சொல்வது.

இது கேட்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். எல்லாருக்கும் லாபம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று பேசுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பொய் என்பது ஒரு பக்கம், காப்பீட்டு நிறுவனம் விசாரணைக்கு ஆள் அனுப்பும் என்பது இன்னொரு பக்கம். அந்த ஆள் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தால் போதும், சிங்கப்பூர்க்காரர்தான் ஓட்டினார் என்று ஊரே சொல்லும். அப்புறம் கூண்டில் நிற்கப்போவது உங்கள் அப்பா. ஓட்டியவர் யார் என்பதில் அவர் ஒரு பொய் சொன்னார் என்று ஆகிவிட்டால், கை முறிந்தது உண்மை, தவில் வாசிப்பது உண்மை என்று அவர் சொல்கிற மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். உங்கள் போனில் இருக்கிற அந்த மன்னிப்புச் செய்தியே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். இத்தனைக்கும் அந்தப் பொய்யால் உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, அதனால் தப்பிப்பது மச்சான்தான்.

எப்படி என்றால், அவர்கள் பயப்படுவது லைசென்சைப் பார்த்து. வெளிநாட்டில் இருந்து வருகிறவர் இங்கே கார் ஓட்ட வேண்டும் என்றால் அந்த நாட்டில் எடுத்த பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருக்க வேண்டும், அது எடுத்த நாளில் இருந்து ஒரு வருஷம் செல்லும். திருவிழாவுக்கு வருகிறவர் அதையெல்லாம் எடுத்துக்கொண்டு வருவது அபூர்வம். இருந்தும் இருக்கலாம், அல்லது சிங்கப்பூர் போவதற்கு முன்னால் இங்கே எடுத்த பழைய இந்திய லைசென்ஸ் காலாவதி ஆகாமல் பீரோவில் கிடக்கலாம், நம் பக்கத்து ஆட்கள் பல பேருக்கு அப்படி உண்டு. இரண்டுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம், செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாதவரிடம் காரைக் கொடுத்தார், பாலிசி நிபந்தனை மீறல், நாங்கள் தர மாட்டோம் என்று சொல்லும். அப்படிச் சொல்ல நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனம்தான், நீங்கள் இல்லை. நிரூபித்தாலும், அடிபட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடும் வழியை உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் தெளிவாகக் காட்டியிருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது என்று நிறுவனத்து வக்கீல்கள் வாதாடத்தான் செய்கிறார்கள். அதற்காகத்தான் உரிமையாளரை முதல் எதிர்மனுதாரராகப் போடுவது. எந்தப் பக்கம் போனாலும் பணம் கட்ட ஒருவர் இருக்க வேண்டும். ஆக, லைசென்ஸ் இல்லை என்று முடிவானால் கடைசியில் பணம் மச்சான் தலையில்தான் விழும், அதற்குப் பயந்துதான் ஆளை மாற்றச் சொல்கிறார்கள். அவர் பயம் நியாயமானது, ஆனால் அதை உங்கள் அப்பா சுமக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்னொன்று, அவருக்கு லைசென்ஸ் இல்லை என்று உங்கள் மனுவில் நீங்களாகப் போய் எழுதாதீர்கள். உங்களுக்குத் தெரியாத விஷயம் அது.

காரின் நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை இருக்கிறது என்று காட்டும், இன்றைக்கே பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வாங்கிப் போட்டு, வருஷத்தில் பதினைந்து நாள் மட்டும் ஓடுகிற கார்களில் காப்பீடு விட்டுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் வழக்கு முழுக்க உரிமையாளர் மேல்தான். காப்பீடு இல்லாமல் விபத்தில் மாட்டிய வண்டியை உரிய ஈடு வாங்காமல் விடுவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லியிருக்கிறது, அப்போது எப்.ஐ.ஆர். போட்டு வண்டியைப் பிடிப்பது இன்னும் அவசரம்.

அப்பாவின் லைசென்ஸ் காலாவதியானதைச் சொல்லி மிரட்டுகிறார்கள் இல்லையா, அதற்கு இரண்டு வரி போதும். அது ஒரு குற்றம்தான், 5,000 ரூபாய் அபராதம் வரலாம், கட்டிவிடலாம். ஆனால் லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தால் விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று ஆகிவிடாது, 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. தன் பக்கம் ஒழுங்காக வந்த மனிதர் மேல் எதிர்ப்பக்கத்தில் இருந்து கார் வந்து ஏறினால், அவர் பையில் இருந்த அட்டையின் தேதி என்ன செய்யும்? ஹெல்மெட் கேள்வியும் வரும். அடிபட்டது கையில், அதனால் அதுவும் நிற்காது.

இனி பணத்தைப் பற்றி. இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும், சிங்கப்பூரைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு.

ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, போய்வந்த வண்டிச் செலவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, சத்துணவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் என்றால் அதன் செலவு, எல்லாம் கிடைக்கும், செலவுக்கெல்லாம் பில் வேண்டும். கடைப் பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். இது எல்லா வழக்கிலும் இருப்பது. உங்கள் வழக்கில் பெரிய தொகை இருக்கிற இடம் வேறு, சம்பாதிக்கும் திறன் போனதற்கான நஷ்டஈடு.

டாக்டர் பின்னால் ஒரு சதவீதம் சொல்வார். மணிக்கட்டு முறிவுக்கு 15 சதவீத ஊனம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது உடம்பின் கணக்கு. சட்டம் பார்க்க வேண்டியது தொழிலின் கணக்கு. 2011இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை உதாரணத்தோடு விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும், அதே கையை இழந்தவர் அரசாங்க எழுத்தராக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். உங்கள் அப்பா தவில்காரர். இடது கை குச்சி பிடிக்கிறது, வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு மணிக்கட்டை உதறி உதறி அடிக்கிறது. முறிந்தது அந்த மணிக்கட்டு, முறிந்தவை அந்த விரல்கள். சோறு பிசைந்து சாப்பிடவும் கையெழுத்துப் போடவும் அந்தக் கை தேறிவிடலாம். ஒரு முகூர்த்தத்துக்கு நாலு மணி நேரம் வாசிக்கத் தேறுமா என்பதுதான் கேள்வி.

கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். வருஷம் முழுக்கச் சராசரியாக மாதம் 20,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், சுயதொழில் செய்பவர், வயது 40க்கும் 50க்கும் நடுவில் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் சேர்ப்பார்கள், 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தது. மாதம் 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். வருஷ வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதை வைத்து ஒரு பெருக்கல் எண் உண்டு, 41 முதல் 45 வயது வரை அது 14, வகுத்தது 2009 சரளா வர்மா தீர்ப்பு. 42 லட்சம் வரும். இதில் 15 சதவீதம் என்றால் 6,30,000. தொழில் திறனில் பாதி போய்விட்டது என்று நிரூபித்தால் 21 லட்சம். அதே கை, அதே முறிவு, அதே எக்ஸ்ரே. ஊர்ப் பெரியவர் கொண்டுவந்த 50,000ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் 21 லட்சம் தானாக வராது. அப்பாவின் எலும்பு மருத்துவரிடம் போகும்போது நோயாளி தவில் கலைஞர் என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மணிக்கட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு, விரல் முழுதாக மூடுகிறதா என்பதை ஒவ்வொரு தடவையும் குறிக்கச் சொல்லுங்கள், பிசியோதெரபி சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். ஊனச் சான்றிதழுக்கு மருத்துவக் குழு முன்னால் போவது சிகிச்சை முடிந்த பிறகு, அதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம், மனு போட்ட பிறகு சான்றிதழைத் தாக்கல் செய்துகொள்ளலாம். அப்பாவோடு வாசிக்கிற நாதஸ்வர வித்வான் ஒருவர் கூண்டில் ஏறி, இந்தக் கையால் இனி மல்லாரிக்கு வாசிக்க முடியாது, நானே இப்போது வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறேன் என்று சொன்னால், அது டாக்டர் சான்றிதழுக்குச் சமம்.

வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று பயப்படாதீர்கள். மேளக்காரர் வீட்டில் அட்வான்ஸ் வாங்கியதை எழுதி வைக்கிற நோட்டு கட்டாயம் இருக்கும், தேதி, ஊர், மண்டபம், தொகை, பாக்கி என்று. அதுதான் உங்கள் சம்பளச் சீட்டு. அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், மை வித்தியாசம் குறுக்கு விசாரணையில் தெரிந்துவிடும். கூகுள் பே வரவுகள், கோயில்களில் கொடுத்த வவுச்சர், நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை இருந்தால் அது, கல்யாண வீடியோவில் அப்பா வாசிக்கிற பகுதி, எல்லாம் எடுத்து வையுங்கள். சித்திரை, வைகாசி, ஆனிக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்றால் அதற்கு வாங்கினவரிடம் ஒரு கையெழுத்து. மாதம் 40,000 என்று கூட்டிச் சொல்லாதீர்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாண மேளம் கிடையாது என்பது நீதிபதிக்கும் தெரியும், அவரும் இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் புது நடைமுறையில், எப்.ஐ.ஆர். ஆனதும் போலீசே 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. நிறுவனம் ஒரு தொகையைச் சொல்லிச் சமரசத்துக்கு வரலாம். இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். 164வது பிரிவில், யார் தப்பு என்று பார்க்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் தருவார்கள். சீக்கிரம் கிடைக்கிறது, நகையை மீட்டுவிடலாம் என்று வாங்கிக்கொண்டால், யார் தப்பு என்று காட்டி முழு நஷ்டஈடு கேட்டு 166இன் கீழ் போட்ட பெரிய மனு அதோடு காலாவதி. காய்ச்சல் மாதிரி ஆறிப்போகிற காயம் என்றால் அதையே வாங்கிக்கொள்ளச் சொல்வேன், உங்கள் அப்பாவுக்குச் சொல்ல மாட்டேன். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பதும் நல்ல வழிதான், ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது, அதனால் ஊனச் சான்றிதழ் கைக்கு வரும் முன் லோக் அதாலத்துக்கு உட்காராதீர்கள்.

கையில் செலவுக்குப் பணம் இல்லை என்பதும் புரிகிறது. அந்தக் குடும்பம் மனிதாபிமானத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், பகையாக்க வேண்டாம், பக்கத்து ஊர்க்காரர்கள், நாளைக்கு ஒரே கோயில் வாசலில் நிற்க வேண்டியவர்கள். வங்கி வழியாக வாங்குங்கள். ரசீது கேட்டால் “மருத்துவச் செலவுக்காக” என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். “முழுத் திருப்தியாக”, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற சொற்கள் எதில் இருந்தாலும் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வக்கீலைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து, செலவெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருவதில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசுகிற தரகர்கள் உண்டு. வரும் தொகையில் பங்கு பேசிக் கட்டணம் வைக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வெள்ளைத்தாளிலும் நிரப்பாத வக்காலத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள், வக்கீலை அவர்களே போட்டுத் தருவார்கள். தீர்ப்புத் தொகை இப்போது அப்பாவின் வங்கிக் கணக்குக்கே வரும், அதனால் பாஸ்புக்கை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

மனுவை விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். பிசியோதெரபிக்கும் கோர்ட்டுக்கும் சேர்ந்து அலைய வேண்டியிருக்கும், பஸ் வசதி பார்த்து முடிவு செய்யுங்கள். விபத்து நடந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும் என்று 166(3) சொல்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன என்பதை வைத்து யாராவது அவசரம் இல்லை என்று சொன்னால் கேட்காதீர்கள். பங்குனியில் நடந்தது, புரட்டாசியோடு கெடு முடிகிறது. எப்.ஐ.ஆர். நகலும் ஏ.ஆர். காப்பியும் அட்வான்ஸ் நோட்டும் கைக்கு வந்துவிட்டால், நானாக இருந்தால் ஆனி முடிவதற்குள் தாக்கல் செய்துவிடுவேன்.